தாமஸ் மன்றோ: படைவீரர் ஒருவர் ஆளுநரான வாழ்க்கையை எழுதுவது எப்படி

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து, கலெக்டராகி, சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோவைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஹைதர் அலி, திப்பு சண்டைகளுக்குப் பாதிப் பக்கங்களைக் கொடுத்துவிட்டு நிலவரியை ஒரே பத்தியில் முடித்துவிடுவது ஒன்று. மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவரிடம் பேசினார் என்ற கதையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளையே எடைபோட்டுவிடுவது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சிப்பாயாக வந்தவர் நிர்வாகியாக மாறியது எங்கே, எப்படி என்ற கேள்வியைத் தொடாமலே போய்விடுகிறார்கள். அந்த மாற்றம் நடந்த இடம் பாராமகால். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம். நடந்த காலம் 1792 முதல் 1799 வரை. நீங்கள் எழுதப்போவது 2,000 சொல் கட்டுரையானாலும் 200 பக்க நூலானாலும் இந்த ஏழாண்டை நடுவில் வைத்துத்தான் மற்றதை அடுக்க வேண்டும்.

முதல் வேலை காலவரிசை

ஒரு வரி எழுதும் முன்பே தேதிகளை ஒரு தாளில் போட்டு மேசைமேல் ஒட்டிவிடுங்கள். பின்னால் வரும் பிழைகளில் பாதியை இது தடுத்துவிடும்.

1761 மே 27: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறப்பு. தந்தை வர்ஜீனியா புகையிலை வணிகர்; அமெரிக்க விடுதலைப் போரில் தொழில் நொடித்தது.
1780 ஜனவரி: காலாட்படை கேடட்டாகச் சென்னை வருகை.
1780–84: ஹைதர், திப்புவுடனான இரண்டாம் மைசூர்ப் போர்.
1790–92: மூன்றாம் மைசூர்ப் போர்.
1792–99: பாராமகாலில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்.
1799: ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ச்சி; மைசூர் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஜான் மால்கமுடன் சேர்ந்து செயலர். பிறகு கன்னடக் கடற்கரையில் கலெக்டர்.
1800–07: நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களின் (பெல்லாரி, அனந்தபுரம், கடப்பை, கர்நூல் பகுதிகள்) முதன்மைக் கலெக்டர்.
1807–14: இங்கிலாந்து. 1814இல் ஜேன் கேம்பெலுடன் திருமணம். அதே ஆண்டு நீதித்துறைச் சீர்திருத்தக் குழுத் தலைவராகச் சென்னை திரும்புதல்.
1817–18: மராத்தியப் போரில் பிரிகேடியர் ஜெனரல்.
1820 ஜூன் 10: சென்னை மாகாண ஆளுநர்.
1827 ஜூலை 6: பத்திகொண்டாவில் காலராவால் மரணம்.

தாளில் ஒரு வெற்றுக் கட்டமும் இருக்கட்டும்: 1807 இறுதி முதல் 1814 வரை ஆள் இந்தியாவிலேயே இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் இங்கே ஏதோ செய்ததாக எந்தக் குறிப்பு வந்தாலும் அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள்.

எந்த மன்றோ?

சென்னை மாகாண வரலாற்றில் மூன்று மன்றோக்கள் வருகிறார்கள். தேடுபொறியும் பழைய நூல்களின் பெயரடைவும் மூவரையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஹெக்டர் மன்றோ, 1764இல் பக்சார் போரில் வென்றவர். 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் பெய்லியின் படையை ஹைதர் அழித்தபோது, சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்தும் காப்பாற்றத் தவறியவரும் இவரே. இளம் தாமஸ் அப்போது அவர் படையில்தான் இருந்தார். ‘மன்றோ காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கினார்’ என்று ஒரு நூல் சொன்னால் அது ஹெக்டர். கூடவே நடந்து வந்தது நம் ஆள். ஜான் மன்றோ, திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தவர். கொல்லம் அருகே இருக்கும் மன்றோத்துருத்து இவர் பெயரால் அமைந்தது. நிலவரி, இனாம் என்ற மானிய நிலம், கோயில் நிர்வாகம் என்று அவரும் கைவைத்தவர் என்பதால் குழப்பம் இங்கேதான் அதிகம். ஒரு ஆவணத்தில் வெறும் ‘கர்னல் மன்றோ’ என்று இருந்தால் ஊரையும் ஆண்டையும் பாருங்கள். 1810க்குப் பிறகு கொல்லம், திருவனந்தபுரம் என்று வந்தால் அது ஜான்.

போர்ப் பகுதிக்கு எவ்வளவு இடம்?

ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 1780களின் போர்களில் அவர் முடிவெடுக்கும் இடத்தில் இல்லை, கடைநிலை அதிகாரி. பரங்கிப்பேட்டைப் போரை மூன்று பக்கம் வர்ணித்தால் அது படைத்தலைவர் அயர் கூட்டின் வாழ்க்கை வரலாறாகிவிடும்.

அந்தக் காலத்தைக் காட்ட போர்க்களத்தைவிட நல்ல பொருள் அவருடைய கடிதங்களில் கிடைக்கிறது. 1789இல் தன் சகோதரிக்கு எழுதியதில், இந்தியா வந்து மூன்றாண்டுவரை ஒரு புத்தகமோ தோட்டாப் பையோதான் தனக்குத் தலையணை, நான்கு குறுக்குக் கட்டைகளில் இழுத்துக் கட்டிய கித்தான்தான் கட்டில், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த மேலங்கிதான் அதற்கு ஒரே அலங்காரம் என்று எழுதுகிறார். கீழ்நிலை அதிகாரியின் சம்பளம், கடன், அந்த வயதுக்குரிய கிண்டல் எல்லாமே இந்த ஒரு கடிதத்தில் தெரிந்துவிடும். இப்படி ஒன்றை எடுத்து முழுதாகக் காட்டுங்கள். பத்துப் போர்களின் பெயரை வரிசையாக அடுக்குவதில் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது.

மொழி கற்றதையும் இந்தப் பகுதியிலேயே சொல்லிவிட வேண்டும். பாரசீகமும் இந்துஸ்தானியும் தெரிந்திருந்ததால்தான் ரீடின் உளவுப் பிரிவில் இடம் கிடைத்தது. அந்தத் தொடர்புதான் 1792இல் அவரைப் பாராமகாலுக்குக் கொண்டுபோனது. ரீடும் அவருடைய உதவியாளர்களும் படை அதிகாரிகள், சிவிலியன்கள் அல்லர். உள்ளூர் மொழி தெரிந்த சிவில் ஊழியர்கள் போதவில்லை என்று கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கருதியதால் இந்த விதிவிலக்கு. கம்பெனி நிர்வாகத்தில் இது பெரிய சர்ச்சை. சீருடைக்காரன் கணக்கெழுத வந்துவிட்டான் என்று சிவிலியன்கள் முணுமுணுத்த சூழலைச் சொல்லாமல் விட்டால், பின்னாளில் வருவாய் வாரியத்துடன் அவருக்கு ஏற்பட்ட உரசல்களின் வேர் வாசகருக்குப் பிடிபடாது.

ஆவணங்கள்: எதை, எந்த வரிசையில்

அச்சில் வந்ததிலிருந்து தொடங்குங்கள். 1830இல் கிளெய்க் தொகுத்த வாழ்க்கை வரலாற்றில் கடிதங்கள் ஏராளம். 1881இல் ஆர்பத்னாட் பதிப்பித்த தொகுதியில் அவருடைய அலுவல் குறிப்புகள் இருக்கின்றன. இரண்டுமே போற்றும் நோக்கில் தொகுத்தவை. ஆகவே அவற்றிலுள்ள கடிதங்களைப் பயன்படுத்துங்கள், தீர்ப்புகளைத் தள்ளிவையுங்கள். மூன்றாவதாகப் பாராமகால் ஆவணங்கள். சென்னை அரசு அச்சகம் 1907 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. நிலம், குத்தகை, விளைச்சல், குடிகள் என்று பொருள்வாரியாகப் பிரித்திருப்பார்கள். மன்றோவின் பெயரை மட்டும் தேடிப் புரட்டினால் பாதி நழுவிவிடும். ரீட் அனுப்பிய கேள்வியையும் மன்றோ எழுதிய பதிலையும் சேர்த்தே படியுங்கள்.

கையெழுத்துப் பிரதிகள் வேண்டுமென்றால் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வருவாய் வாரிய நடவடிக்கைகளும் மாவட்டப் பதிவேடுகளும் அங்கே. அவருடைய சொந்தத் தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘எஃப் 151’ என்ற எண்ணில் உள்ளன. காப்பகத்துக்குப் போகும் முன் ஆய்வாளர் அனுமதிக்கான விண்ணப்ப முறையை விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின் ‘மன்றோ பற்றி ஏதாவது’ என்று கேட்டால் எதுவும் வராது. தொடர், ஆண்டு, தொகுதி எண் ஆகியவற்றை அடைவிலிருந்து எடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த ஆவணங்களில் தேதி ஒரு பொறி. கலெக்டர் கடிதம் எழுதிய நாள் ஒன்று, வாரியம் அதை எடுத்துப் படித்துப் பதிவு செய்த நாள் வேறு. இடையில் வாரங்கள் ஓடியிருக்கும். பதிவேடு இரண்டாம் தேதியின்படி கட்டப்பட்டிருக்கும். நீங்கள் கட்டுரையில் தர வேண்டியது முதல் தேதி. லண்டன் கடிதங்களில் இது இன்னும் மோசம். பாய்மரக் கப்பலில் ஒரு வழிக்கே ஐந்தாறு மாதம். சென்னையில் நடந்ததற்கு இயக்குநர் குழுவின் பதில் ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு கழித்துத்தான் வந்துசேரும். ‘உடனே லண்டன் கண்டித்தது’ போன்ற வாக்கியங்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் எழுதப்படுபவை.

ஊர்ப்பெயர்களுக்குத் தனித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி கிஸ்ட்னகெரியாகவும், ஸ்ரீரங்கப்பட்டணம் செரிங்கபட்டமாகவும் எழுதப்பட்டிருக்கும். ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் ஒரு ஊரை இருவிதமாக எழுதுவதும் உண்டு. கணினித் தேடலை நம்பாமல் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களை மாற்றிமாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வராகனும் பசலியும்

கணக்கு முழுக்க வராகன் என்ற தங்க நாணயத்தில் இருக்கும். கம்பெனி கணக்குப்படி 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ரூபாயில் ஒரு வராகன் மூன்றரை. இங்கிலாந்துக் கணக்கில் சுமார் 8 ஷில்லிங். 1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்ற வீதத்தில். ஆகவே அவர் ஆளுநரான பிறகு வரும் எண்களையும் கலெக்டராக இருந்தபோது வரும் எண்களையும் அப்படியே அருகருகே வைக்கக் கூடாது. மைசூர்ப் பக்கத்துக் கணக்குகளில் வருவது பெரும்பாலும் கண்டிராய வராகன். அது மதிப்பில் குறைந்தது. எந்த வராகன் என்று பக்கத்தின் தலைப்பில் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள்.

இன்றைய ரூபாய் மதிப்பில் எவ்வளவு என்று மாற்றிக் காட்டும் ஆசை வரும். வேண்டாம். அப்படி வரும் எந்த எண்ணும் அர்த்தமுள்ளதாக இருக்காது.

வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டுக்கு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1210 என்றால் 1800 ஜூலையில் தொடங்கி 1801இல் முடியும் ஆண்டு. கிராம நிர்வாக அலுவலகங்களில் இன்றும் அடங்கல் பசலிப்படிதான் போகிறது என்பதால் தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஜமாபந்தியும் அப்படியே. ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் அந்தக் கணக்குத் தணிக்கையின் மூதாதையைத்தான் மன்றோ நடத்திக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

ரயத்துவாரியை விளக்கும் முறை

ஜமீன்தார் இல்லாமல் குடியானவர் பெயரிலேயே தீர்வை போடும் முறைதான் ரயத்துவாரி. நூலின் நடுப்பகுதி இதுதான். இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். ‘மன்றோ ரயத்துவாரி முறையை அறிமுகப்படுத்தினார்’ என்ற பாடப்புத்தக வாக்கியத்தை அப்படியே இறக்கிவைக்காதீர்கள். தொடங்கியவர் ரீட், பாராமகாலில். அதற்கு உருவம் கொடுத்து, எதிர்ப்புகளுக்குப் பதில் எழுதி, லண்டன்வரை போய் வாதாடி நிலைநிறுத்தியவர் மன்றோ. ஆரம்பத்தில் மன்றோவும் ரீடும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவும் இல்லை. பல ஆண்டுக் குத்தகையா, ஆண்டுக்கு ஆண்டு பார்த்துப் போடும் தீர்வையா என்ற விவாதம் 1790களின் கடிதங்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது. குடியானவன் விரும்பினால் நிலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும் என்ற இடத்துக்கு அவர்கள் வந்துசேர்ந்ததைப் படிப்படியாகக் காட்டுங்கள்.

முறையை விளக்க நான்கு கேள்விகள் போதும். நிலத்தை யார் அளப்பது? தரம் யார் பிரிப்பது? தீர்வை யார் பெயரில்? கட்ட முடியாதபோது என்ன ஆகும்?

அளப்பதற்குச் சங்கிலி. விட்டுக்கொடுக்கப்பட்ட மாவட்டங்களில் 1802இல் தொடங்கிய அளவையில் 33 அடிச் சங்கிலி பயன்பட்டது. ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம் 1,089 சதுர அடி. அப்படி 40 சேர்ந்தால் 43,560, அதாவது சரியாக ஒரு ஏக்கர். மன்றோவின் நிர்வாக மூளையைக் காட்ட இதைவிடச் சிறிய, துல்லியமான சான்று கிடைப்பது கடினம். ஊர்க் கணக்கரான கர்ணத்தால் மனக்கணக்காகவே சரிபார்க்க முடிகிற அளவு. அளப்பவன் ஏமாற்றினால் பின்னால் வரும் மேற்பார்வையாளர் பிடித்துவிடலாம். அளவுக்குப் பிறகு நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்து, அவற்றுக்குள் தரம் வைத்து, வயலுக்கு வயல் தீர்வை. அது குடியானவன் பெயரில் பட்டாவாகும். இடையில் ஜமீன்தார் இல்லை. ஆனால் மணியக்காரரும் கர்ணமும் தாசில்தாரும் இருக்கிறார்கள். ‘இடைத்தரகர் இல்லாத முறை’ என்று எழுதும்போது அவர்களை மறந்துவிடுகிறோம். ஏட்டில் நேரடி உறவு. ஊரில் கர்ணத்தின் எழுத்தாணிதான் எல்லாம்.

தீர்வை எவ்வளவு என்ற இடத்தில் எண் காட்டியே ஆக வேண்டும். மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம் தீர்வையாகப் போகிறது என்று மன்றோவே கணக்கிட்டார். 1807 ஆகஸ்டில் எழுதிய புகழ்பெற்ற அறிக்கையில் எல்லா நிலத்துக்கும் 25 சதவீதமும், கிணற்றுப் பாசன, ஏரிப் பாசன நிலத்துக்குக் கூடுதலாக 8 சதவீதமும் குறைக்கச் சொன்னார். வாசகருக்கு இப்படிப் போட்டுக் காட்டுங்கள்: 100 பணம் மதிப்புள்ள விளைச்சலில் தீர்வை 45. கால்பங்கு கழித்தால் 33¾. அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கிணற்று நிலமென்றால் 45இல் 33 சதவீதம் கழித்து 30 பணம் சொச்சம். 25 என்ற எண் ஏன் வந்தது என்பது இப்போது விளங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிலத்துக்கு விற்பனை மதிப்பே இருக்காது, மதிப்பில்லாத நிலத்தில் குடியானவன் காசு போட மாட்டான் என்பதே அவர் வாதம்.

அந்த யோசனை அப்போது ஏற்கப்படவில்லை. இங்குதான் பலர் வழுக்குகிறார்கள். 1807க்குப் பின் அந்த மாவட்டங்களில் வந்தது ரயத்துவாரி அல்ல. முதலில் மூன்றாண்டு, பிறகு பத்தாண்டு கிராமக் குத்தகை. பாராமகாலிலும் 1802க்குப் பிறகு வங்காள மாதிரியில் நிலத்தைச் சிறு ஜமீன்கள் போன்ற மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். சேலம் பக்கம் ‘மிட்டா மிராசு’ என்று பேச்சில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அதன் எச்சம். தீர்வைக் குறைப்போடு ரயத்துவாரி மாகாணத்தின் பொதுமுறையாக வந்தது அவர் ஆளுநரானபோதுதான். 1792இல் தொடங்கி 1820வரை நேர்கோடு இழுத்தால் அது பொய்க்கோடு.

வருவாய் உயர்ந்ததையும் கவனமாக எழுதுங்கள். விட்டுக்கொடுக்கப்பட்ட மாவட்டங்களில் ஏழாண்டுகளில் வருவாய் சுமார் 10 லட்சம் வராகனிலிருந்து 15 லட்சத்துக்கு மேல் போனது. ரூபாயில் 35 லட்சத்திலிருந்து 53 லட்சம். இதைச் சிலர் ‘வரியை 50 சதவீதம் ஏற்றினார்’ என்பார்கள். வேறு சிலர் ‘50 சதவீத வளம் பெருக்கினார்’ என்பார்கள். இரண்டும் அவசரம். சண்டை ஓய்ந்து தரிசு உழவுக்கு வந்தது, பாளையக்காரர் கையிலிருந்த நிலம் கணக்கில் ஏறியது, அளவையில் மறைந்திருந்த வயல்கள் வெளிப்பட்டது, தீர்வையும் கனமாகவே இருந்தது. நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். கனம் என்று தெரிந்ததால்தானே அவரே குறைக்கச் சொன்னார்.

பாளையக்காரர்கள்: பூசி மெழுகாதீர்கள்

பெல்லாரி, அனந்தபுரம், கடப்பை, கர்நூல் பகுதிகளில் 1800இல் அவர் போனபோது எண்பது பாளையக்காரர்கள் படையோடு இருந்தார்கள். அவர்களைப் பேச்சு, அச்சுறுத்தல், படை மூன்றாலும் ஒடுக்கினார். வேம்லா பாளையக்காரர் விவகாரத்தில் நடந்துகொண்ட முறைக்காக லண்டன் இயக்குநர்களே 1804இல் கண்டித்தார்கள். சென்னை அரசு அவர் பக்கம் நின்றது. குடியானவர் அன்பர் என்ற படத்தையும் இந்தக் கடுமையையும் ஒரே அத்தியாயத்தில் வையுங்கள். அவர் மனத்தில் இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்: குடியானவனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆயுதம் ஏந்திய எவனும் இருக்கக் கூடாது. எல்லைப்புறப் போர்க்காரர் அரசியலாளராக மாறியதைப் புரிந்துகொள்ள இந்த அத்தியாயம்தான் உதவும். அதை விலக்கிவிட்டு எழுதப்படும் வரலாறு பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

இங்கிலாந்தில் இருந்த ஏழாண்டைச் சிலர் ‘ஓய்வு’ என்று தாண்டிவிடுகிறார்கள். கம்பெனி சாசனப் புதுப்பிப்பை ஒட்டி நாடாளுமன்றத்தில் அவர் சாட்சியம் அளித்தது 1813இல். இயக்குநர்களின் எண்ணத்தைத் தன் பக்கம் திருப்பியதும் அப்போதுதான். 1814இல் குழுத் தலைவராகத் திரும்பி வந்து 1816 சட்டங்களைக் கொண்டுவந்தார்: கிராம முன்சீப், கிராமப் பஞ்சாயத்து, மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் காவலையும் கலெக்டர் கைக்கு மாற்றியது. மாவட்ட ஆட்சியர் என்ற பதவிக்கு இன்றிருக்கும் கனத்தில் ஒரு பங்கு அந்தச் சட்டங்களிலிருந்து வருவது. 1817–18 போரைச் சுருக்கமாகச் சொல்லலாம்: கையில் சொற்பப் படை, உள்ளூரில் சேர்த்த பியூன்கள் என்ற ஆயுதக் காவலர்கள், அதை வைத்து பாதாமி, பெல்காம், சோலாப்பூர். ஐரோப்பா இவரைவிடத் தேர்ந்த ராஜதந்திரியையோ, வீரர்கள் மலிந்த இந்தியா இவரைவிடத் திறமையான போர்வீரரையோ தந்ததில்லை என்று பிரிட்டிஷ் அமைச்சர் கேனிங் 1819இல் நாடாளுமன்றத்தில் புகழ்ந்தது இந்தப் போருக்காக. மேற்கோள் காட்டுவதானால் அது ஒரு நன்றித் தீர்மான உரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆளுநர் காலம்: குறிப்புகள் வழியே

ஆளுநராக அவர் சாதித்தது பெரும்பாலும் தாளில். எனவே நிகழ்ச்சிகளைத் தேடாமல் நான்கு குறிப்புகளை எடுத்து ஒவ்வொன்றையும் அலசுங்கள்.

1822 பத்திரிகைக் குறிப்பில் இந்தியப் பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் கூடாது என்கிறார். அந்நியர் ஆட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் ஒன்றாக இருக்க முடியாது என்பது வாதம். அதே ஆண்டு நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஒவ்வொரு கலெக்டருக்கும் உத்தரவு. 1824 டிசம்பர் 31 தேதியிட்ட நீண்ட குறிப்பில், இந்தியர்களுக்கு உயர்பதவி மறுப்பது அவர்களைத் தாழ்த்துகிறது, ஒருநாள் அவர்கள் தம்மைத் தாமே ஆளும் நிலைக்கு வருவார்கள், அப்போது விலகுவதே நல்லது என்கிறார். 1826 மார்ச் குறிப்பில் கணக்கெடுப்பின் முடிவு: 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள், அதாவது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் கற்றவர்கள் இதில் இல்லை. அதை மன்றோவே குறிப்பில் சொல்கிறார். கலெக்டர்கள் அனுப்பிய விவரமும் ஒரே தரத்தில் இல்லை.

1822 பத்திரிகைக் குறிப்பையும் 1824 குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வாசகருக்கு முரண் தெரியும். அதைத் தீர்த்துவைக்க முயலாதீர்கள்.

மந்திராலயமும் கங்காளமும்

கதை எல்லோரும் அறிந்தது. மடத்து நிலத்துக்கு வரி விதிக்க வந்த மன்றோ, செருப்பைக் கழற்றிவிட்டு பிருந்தாவனத்தின் முன் நின்றபோது, 1671இலேயே பிருந்தாவனம் புகுந்த ராகவேந்திரர் அவருக்குத் தெரிந்து பேசினார்; நிலம் மடத்துக்கே தொடர்ந்தது. இதை எழுதாமல் விடவும் முடியாது, ஆவணம்போல எழுதவும் முடியாது. மூன்று படியாகச் செய்யுங்கள். முதலில், மடத்து மரபு சொல்வதாகவே சொல்லுங்கள். இரண்டாவது, உறுதியாகத் தெரிந்ததைத் தனியே வையுங்கள்: அந்தப் பகுதி 1800 முதல் 1807 வரை அவர் பொறுப்பில் இருந்தது, இனாம் நிலங்களைச் சோதிப்பது அவருடைய அன்றாட வேலை. மூன்றாவது, நீங்கள் எடுத்தாளும் வடிவம் தரும் ஆண்டையும் பதவியையும் காலவரிசைத் தாளோடு ஒப்பிடுங்கள். ஆண்டு 1808க்கும் 1813க்கும் இடையில் விழுந்தாலோ, அந்தக் காலத்தில் ‘கவர்னர்’ என்றாலோ அந்த வடிவத்தை எடுக்காதீர்கள். நம்பிக்கையைக் கேலி செய்வது உங்கள் வேலை அல்ல. தேதியைச் சரிபார்ப்பதுதான் வேலை.

திருப்பதியில் பொங்கல் நைவேத்தியத்துக்கான பெரிய பாத்திரம் ‘மன்றோ கங்காளம்’ என்று அவர் பெயரோடு சொல்லப்படுவதும், ராயலசீமையில் பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்று பெயர் வைத்ததும் இதே வகையில் மதிப்புள்ள செய்திகள். ஓர் அதிகாரி மக்கள் நினைவில் எப்படித் தங்கினார் என்பதற்கு அவை சான்று. அவர் என்ன நினைத்தார் என்பதற்கு அல்ல.

சென்னையிலுள்ள அவருடைய குதிரைச் சிலையின் கதை எளிது. சேணமும் அங்கவடியும் இல்லாமல் இருப்பது சிற்பி மறந்ததால், அந்த வருத்தத்தில் அவர் உயிரை விட்டார் என்பார்கள். 1839இல் சென்னையில் நிறுவப்பட்ட இதைச் செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணம், அங்கவடி கிடையாது. மறதி இரண்டு முறை வராது; அது அவர் பாணி.

முடிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

மரணத்தையும் அடக்கத்தையும் ஒரே ஊரில் வைத்துவிடும் பிழை அடிக்கடி வருகிறது. இறந்தது பத்திகொண்டா, அடக்கம் செய்தது குத்தி, 1831இல் எச்சங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் வைத்தார்கள். அப்போது அவர் விடைபெறும் சுற்றுப்பயணத்தில் இருந்தார், மனைவி முந்தைய ஆண்டே இங்கிலாந்து போய்விட்டார். மரணப் படுக்கையில் மனைவி அழுவதாகக் காட்சி எழுதிவிடாதீர்கள்.

பட்டங்களும் அப்படியே. ‘சர்’ என்பது 1819க்குப் பிறகுதான். பாரோனெட் பட்டம் 1825இல். பாராமகால் அத்தியாயத்தில் ‘சர் தாமஸ் மன்றோ தர்மபுரியில்’ என்று வந்தால் அடித்துவிட்டு அன்று அவருக்கிருந்த படைப்பதவியைப் போடுங்கள். ‘ஜெனரல்’ என்று எங்கே வந்தாலும் ஆண்டைப் பாருங்கள். கலெக்டராக இருந்த காலம் முழுக்க அவர் படைப்பதவியையும் விடவில்லை, பதவி உயர்வும் வந்துகொண்டிருந்தது என்பதால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் பட்டம் மாறும். கடைசி வாசிப்பை இதற்கென்றே தனியாக ஒதுக்கி, பெயருக்கு முன்னால் வரும் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.